அண்ணி மிதித்த பிரேக்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்களில் பலர், கொல்லைக் கொட்டகையில் சக்கரம் கழற்றி நிறுத்தியிருந்த காரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: உடம்பு அந்த நிலையில் இருக்கும்போது அவருக்கு அதில் என்ன வேலை? அன்று பேச்சை மாற்றிவிட்டேன். நாளிதழ் ஒன்றில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்தியே காலம் கழித்தவன் நான். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுத மட்டுமே வரும். அதை இங்கே செய்கிறேன்.

அண்ணன் சுரக்குடியில் பிறந்தார். அப்பா நெல் விவசாயி. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். அந்த ஆண்டு அறுப்புக்கு நின்ற கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. காரைக்கால் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், விடியலில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, சேறு காயாத காலோடு சைக்கிளில் வகுப்புக்குப் போவார். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததும் என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்ததும் அவர்தான். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

லாரிப் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வண்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் சேர்ந்தார். பிரேக் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார். ஓட்டுநர்கள் சிலருக்கு அதனால் அவர்மேல் எரிச்சல் உண்டு. அவர்களில் இருவர் சுடுகாட்டில் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்தேன்.

அண்ணி பள்ளி ஆசிரியை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. புதுச்சேரியில் ஒரு குடும்பம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தபோது விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் காரை அண்ணன் வாங்கிவந்தார். இரண்டே இருக்கை. தரையோடு ஒட்டிய உயரம். வெளுத்த பச்சை நிறம். எங்கள் மாமா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, ஒரு மூட்டை நெல்லு ஏத்தணும்னா எங்க ஏத்துவ?" என்றார்.

"நீங்க உக்காருங்க மாமா, ஒங்க மடில ஏத்திடுறேன்."

அண்ணிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி ஓட்ட, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கடற்கரைவரை போய்வருவார்கள். அவர் இஷ்டப்பட்டு வைத்துக்கொண்ட சொகுசு என்றால் அது ஒன்றுதான்.

அந்த மழைநாளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அல்லது தெரியும் என்று நினைக்கிறார்கள். திருநள்ளாறு சாலையில் வாய்க்கால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அண்ணி காரில் தனியாக அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தார். எதிரே, கோயில் குளத்தில் முழுகிய ஈர உடையோடு பக்தர்கள் சிலர் சாலைக்குக் குறுக்கே நடந்தார்கள். கார் நிற்கவில்லை. அண்ணி ஸ்டியரிங்கைத் திருப்பி வயலில் இறக்கினார். யாருக்கும் அடியில்லை. ஆனால் உறவு வட்டத்தில் பரவிய செய்தி வேறு: அண்ணி பதறிப்போய் பிரேக்கையே மிதிக்கவில்லை என்பது. "பொம்பள கையில அந்தக் காரக் குடுக்கலாமா?" என்று எங்கள் வீட்டுக் கல்யாணத்திலேயே பேசினார்கள்.

அண்ணியின் பதில் ஒன்றுதான். "மிதிச்சேங்க. நல்லா மிதிச்சேன்." அதற்குப் பிறகு அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை.

அந்தக் காரில் இருந்தவை பழைய டிரம் பிரேக்குகள். அவற்றுக்குள் தண்ணீர் புகுந்தால் கொஞ்ச நேரம் பிடிக்காது. இதை அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். மனைவியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கணையத்தில் கட்டி என்று மருத்துவர் சொன்ன பிறகு, அண்ணன் காரைக் கொட்டகைக்குள் ஏற்றி முன்சக்கரங்களைக் கழற்றினார். காயலான் கடையில் பிற்காலக் கார் ஒன்றின் ஹப்புகளையும், தண்ணீர் பட்டாலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குகளையும் தேடிப் பிடித்தார். ஹப் என்பது சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பாகம். பழைய சக்கரத்தின் துளைகள் புதிய ஹப்போடு பொருந்தவில்லை. ஹப்புகளை லேத் பட்டறையில் கொடுத்து மறுபடி துளையிட்டு வாங்கினார். சிகிச்சைக்குப் போய்வந்த மறுநாள் படுத்திருப்பார். அதற்கடுத்த நாள் கொட்டகையில் இருப்பார். விடுப்பில் வந்திருந்த நான், "எதுக்குண்ணே இப்ப இது?" என்று கேட்டேன்.

"அவ மிதிச்சா நிக்கணும்டா," என்றார்.

மாட்டியது போக, குழாய்களில் இருந்த காற்றை எடுக்கும் வேலை பாக்கி. காற்று இருந்தால் பிரேக் மிதி பஞ்சு போல இறங்கும், வண்டி நிற்காது. ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்கவேண்டும். மற்றவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் தளர்த்தி, காற்றும் எண்ணெயும் வெளியேறியதும் இறுக்கவேண்டும். இறுக்குவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். துறைமுக நண்பர்கள் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. மிதி இறுகுவதை அண்ணியின் காலே உணர்ந்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும் என்றார்.

வெகுநாள் கழித்து அண்ணி அந்த இருக்கையில் உட்கார்ந்தார். "அமுக்கு... பிடி... ம், எடு" என்று அண்ணனின் குரல் சக்கரத்தடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்று சக்கரம் முடிந்து, ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்துக்கு வந்தபோது அண்ணனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணி காலை எடுத்துவிட்டு இறங்கி ஓடினார்.

"எதுக்கு காலை எடுத்த? காத்து பூந்துட்டு பாரு."

"நீங்க இருமுன இருமலுக்கு உசுரே போயிடும்போல இருந்துச்சுங்க."

"உசுரே போனாலும் நான் சொன்னாத்தான் காலை எடுக்கணும்."

"ஒண்ணாங்கிளாஸ் புள்ளைவொளக்கூட நான் இப்புடி மெரட்டுனதில்ல," என்றார் அண்ணி. அண்ணன் சிரித்தார். சிரிப்பு மறுபடி இருமலானது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் மஞ்சள் காமாலை கூடி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கிருந்து அவர் நடந்து திரும்பவில்லை. நினைவு தப்புவதற்கு முன் அண்ணியிடம், "அந்த ஒரு சக்கரந்தான் பாக்கி," என்றார்.

கருமாதி முடிந்து உறவினர்கள் கிளம்பிய பின், அண்ணி என்னைக் கொட்டகைக்கு அழைத்தார். நான் சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். அண்ணன் சொன்னதுபோலவே சொன்னேன்: அமுக்குங்க, பிடிங்க. திருகைத் தளர்த்தினேன். குமிழிகள் வந்தன. நின்றன. இறுக்கினேன். "எடுக்கலாம் அண்ணி."

கால் அசையவில்லை. எழுந்து பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

"அவரு சொல்லலையே தம்பி," என்றார்.

நான் மறுபடி சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தேன். அவராக எப்போது எடுத்தார் என்பதை நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐப்பசி மழையில் அதே வாய்க்கால் அதே இடத்தில் வழிந்தது. சக்கரங்களை மாட்டிய காரை அண்ணி எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து இருக்கைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் முன்பே போய், அன்று பக்தர்கள் கடந்த இடத்தில் ஓரமாக நின்றேன். தண்ணீரைக் கடந்து வந்து மிதித்தார். கார் நின்றது.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறைவைத்து இரவில் துணையிருந்த துறைமுக நண்பர்களுக்கும், கேட்ட உடனே ஹப்புகளைத் துளையிட்டுக் கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள்கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரை விற்பதாக இல்லை. விலை கேட்டவர்கள் மன்னிக்கவும்.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவது எங்கள் வழக்கம். அண்ணன் செய்ய நினைத்ததும் அதுதான் என்பதால், அவர் சார்பில் இதை வெளியிடுகிறேன்: அந்த மழைநாளில் அண்ணி பிரேக்கை மிதித்தார்.