சாக்பீஸ் காரில் ஆறு பேர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வாங்காத காரை நிறுத்திப் பார்த்தது. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில், சாக்பீஸால் இரண்டு வண்டிகளை வரைந்தோம். உள்ளே ஒன்று, நடுத்தர எஸ்யூவி. அதைச் சுற்றி இன்னொன்று, பெரியது. இரண்டும் சொகுசு வகை, இரண்டிலும் மூன்று வரிசை இருக்கைகள். நான் கைபேசியைப் பார்த்து அளவு சொன்னேன். அப்பா டேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்து கோடு இழுத்தார். முட்டி வலிக்கிறது என்று முனகினாரே தவிர, சாக்பீஸை என்னிடம் தரவில்லை.

பெரியது அடங்கியது. தூணுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம்கூட இருந்தது.

"பாத்தியா? பஸ்ஸையே இதவிட மோசமான சந்துல திருப்பியிருக்கேன்," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு ஆட்களை ஏற்றிப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசை நாற்காலிகளை லிஃப்டில் இறக்கினோம். ஓட்டுநர் இடத்தில் நான். பக்கத்தில் என் கணவர். நடுவில் அம்மாவும் என் பிள்ளைகளில் பெரியவனும். கடைசி வரிசையில் சின்னவளும் அப்பாவும். அம்மா நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸ் தட்டோடு இறங்கி வந்து, தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே கார் எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"ஏறிக்கறீங்களா? நின்னுக்கிட்டு வரணும்," என்றார் அப்பா.

அம்மாதான் கேட்டாள். "ஏங்க, எல்லாம் சரி. நான் எப்படி இறங்கறது?"

"கதவத் தொறந்துதான்."

"எங்க தொறக்கறது? தூண்ல இடிக்குமே."

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் லிஃப்ட் கதவுகளை வடிவமைக்கும் பொறியாளர். என் கதவுகள் பக்கவாட்டில் நகரும். அப்பா வேலைக்காலம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர். அவர் கதவுகள் மடங்கி ஒதுங்கும். வெளிப்பக்கம் விரிந்து திறக்கிற கதவு என்று ஒன்று உலகத்தில் இருப்பது எங்கள் இரண்டு பேர் மூளையிலும் உதிக்கவேயில்லை.

"வீட்ல ஒரு டிரைவர், ஒரு இன்ஜினியர். என்னைய ஜன்னல் வழியா குதிக்கச் சொல்றாங்க," என்று அம்மா பீன்ஸ் நறுக்கத் தொடங்கினாள். என் கணவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது.

அப்பாவும் சிரித்தார். பிறகு எழுந்து, வெளிக்கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தார். உட்கோடு மட்டும் நின்றது. அவருடைய நாற்காலி வண்டிக்கு வெளியே கிடந்தது.

"சின்னதுக்கே சொல்லிடும்மா," என்றார்.

"நீங்க எங்க உட்காருவீங்க?"

"எனக்கென்ன, நான் பாத்துக்கறேன்."

அந்தப் பதில்தான் எனக்குப் பயம். ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர், குடும்பத்தோடு ஒரே வண்டியில் போனது அபூர்வம். எங்கே கிளம்பினாலும் ஒரு ஆள் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் ஆள் எப்போதும் அவராகவே இருப்பார். "நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்." என் பட்டமளிப்பு விழாவுக்கு அப்படித்தான் வந்தார். நான் மேடையிலிருந்து இறங்கும்போது கதவோரம் நின்று, சீருடையில் கை தட்டினார். என் கல்யாணத்துக்கும் பின்னால்தான் வந்தார். சித்தப்பா அவருக்கு 'பின்வண்டி' என்று பேர் வைத்தார். கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் பழைய கார் ஐந்து பேருக்கானது. நாங்கள் ஆறு பேர். புது வண்டி வாங்கத் தீர்மானித்ததே அந்த ஆறாவது ஆளுக்காகத்தான். அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால் வாங்க விடமாட்டார்.

சாக்பீஸ் வரைவதற்கு முந்தைய வாரம் ஷோரூமுக்குப் போயிருந்தோம். பெரிய வண்டியின் மூன்றாம் வரிசையில் அவர் தாராளமாக உட்கார்ந்தார். வலது முட்டி அவருக்குச் சரியாக மடங்காது. அங்கே நீட்ட இடம் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று முன்னாலிருந்து கேட்டேன்.

"சோபா மாதிரி இருக்கு. உங்கிட்ட பேசணும்னாதான் போன் போடணும் போல."

நடுத்தர வண்டியில் மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கானது. இரண்டாம் வரிசையில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், முட்டியை மடக்க முடிந்தவர்கள். அவர் கால் நீட்டி உட்கார ஒரே இடம், ஓட்டுபவர் பக்கத்து இருக்கை. அது என் கணவருடையது. மாப்பிள்ளையை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு முன்னால் உட்காருகிற ஆள் இல்லை அப்பா. நாங்கள் வற்புறுத்தினால், அன்றைக்கென்று தலை வலிக்கும், வீட்டில் இருந்துவிடுவார்.

அன்று நாங்கள் நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் அந்த முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். வலது கால் மிதியடியை அழுத்தி அழுத்தி விட்டது.

"ஐயா, அந்தப் பக்கம் பிரேக் கிடையாது," என்றார் விற்பனையாளர்.

"தெரியும் தம்பி. கால் கேக்க மாட்டேங்குது."

சாக்பீஸ் போட்ட மறுநாள், வேறு வழி தெரியாமல், நடுத்தர வண்டிக்கே பதிவு செய்தேன். அது வருவதற்குள் அப்பா போய்விட்டார். காலையில் ஷூ போட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வலி தெரிந்திருக்காது என்றார் மருத்துவர். நம்பினேன்.

வண்டி வந்தது. நல்ல வண்டி. கீழே கதவு தாராளமாகத் திறக்கிறது. எல்லோரும் ஏறினோம், யாரும் நெருக்கிக்கொள்ளவில்லை. ஐந்து பேர்தானே. தரையில் அழித்த கோட்டின் வெள்ளை இன்னும் கொஞ்சம் இருந்தது. கார் எடுக்கும்போதெல்லாம் ஒரே கணக்கு. நான் சின்ன வண்டி வாங்கினேன், அவர் வழக்கம்போல ஒதுங்கிக்கொண்டார். கடைசித் தடவையும்.

அவருடைய கைபேசியை நான் அணைக்கவில்லை. நேற்று மாலை அடித்தது.

"அண்ணே, என்ன ஆளையே காணோம்? உங்க குஷன் ரெடியாகிக் கிடக்கு."

அவருடைய பழைய டிப்போவுக்கு எதிரே சீட் கவர் தைப்பவர். டிரைவர்கள் முதுகுக்கு வைக்கும் குஷனை அவரிடம்தான் தைப்பார்கள். அப்பாவும் ஒன்று வைத்திருந்தார். ஓய்வு பெற்ற அன்று, அடுத்து அந்த வண்டியை ஓட்ட வந்தவரிடம் கொடுத்துவிட்டார்.

நான் யாரென்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

"எந்தச் சீட்டுக்குத் தைக்கச் சொன்னார்?" என்று கேட்டேன்.

"பொண்ணு புது வண்டிக்குன்னார்மா. டிரைவர் சீட்டுக்கான்னு கேட்டேன். இல்லப்பா, பக்கத்துச் சீட்டு, இனிமே அது எனக்குன்னார். அப்ப மாப்பிள்ளை எங்க உட்காருவார்னேன். சின்ன வயசுதானே, கால மடக்கிக்கிட்டுப் பின்னாடி வரட்டும்னார். அப்படி ஒரு அதிகாரம்! நான்கூடக் கிண்டல் பண்ணேன்."

கைபேசியை வைத்துவிட்டு என் கணவரிடம் போனேன். குஷன் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கோடு அழிச்ச அன்னைக்கே கேட்டார். 'மாப்ள, முன்சீட்ட எனக்கு விட்டுக் குடுங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க, வண்டி வர்றன்னைக்கு நானே ஜம்முனு ஏறி உட்கார்ந்துக்கறேன்'னு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுவேன்னு நெனச்சேன்."

நான் அழவில்லை. சிரித்தேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அதானே. முன்னாடி உட்கார்ந்து உன் பிரேக்கையெல்லாம் அவரே போட்டிருப்பார்," என்றாள். அவளும் சிரித்தாள். அப்பா போனபின் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நான் வாங்கிய வண்டி சரிதான். அவர் ஒதுங்கவில்லை. இடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

குஷன் இன்னும் கடையில் இருக்கிறது. அதைச் சீட்டோடு சேர்த்துக் கட்டும் பட்டையை மட்டும் இன்னும் தைக்கவில்லையாம். சீட்டில் வைத்து நீளம் பார்க்க வேண்டுமாம். வண்டி வந்ததும் அதிலேயே வருகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.