வாசலில் சிகரெட்டும் யன்னலில் செத்தலும்

கேட்டியே பிள்ளை, எங்கட ஃபிளாட் வாசல்ல நிண்டு சிகரெட் பத்துறாரே மேல்மாடிக்காரர், அவருக்கு நேற்று நல்ல வேலை குடுத்தன். மடிப்புக் கலையாத சேர்ட், வாயில எப்பவும் ஒரு கராம்பு. பத்தின மணம் மனுசிக்குத் தெரியக் கூடாதாம். ஆனா புகை முழுக்க எங்கட குசினி யன்னலுக்குள்ள. பேரனுக்கு இழுப்பு, உனக்குத் தெரியும்தானே. போன கிழமை நயமாக் கேட்டனான். "அம்மா, தடை கட்டடத்துக்குள்ளதான், இது வெளியில" எண்டார். வாசலுக்கும் சேர்த்துத் தடை போட்டா என்ன குறையுமாம்?

நேற்று பேரன் பள்ளிக்கூடம் போனாப்பிறகு, இவர் வாசல்ல வந்து பத்தத் தொடங்க, யன்னலடியில ஒரு சட்டி செத்தல் மிளகாய் வறுத்தன். செத்தல் விக்கிற விலையில மனமில்லைதான், எண்டாலும் வறுத்தன். மனுசன் இருமின இருமல் கடற்கரைக்கே கேட்டிருக்கும்.

"என்னம்மா இது?"

"நீங்கள் வெளியில பத்துறீங்கள், நான் உள்ளுக்கு வறுக்கிறன். ரெண்டுக்கும் தடையில்லைத்தானே, தம்பி."

கண்ணீர் வழிய வழிய அந்தச் சிகரெட்டை முடிச்சிட்டு, "நல்ல மணம் அம்மா, தூள் இடிச்சா எனக்கும் கொஞ்சம் தாங்கோ" எண்டார். இவரை என்ன செய்யிறதெண்டே விளங்கேல்லை.

பொறு பிள்ளை, அவற்ற சப்பாத்துச் சத்தம் கேக்குது. பேரன் வர இன்னும் நேரமிருக்கு. சட்டியை அடுப்பில வச்சிட்டு வாறன்.