அம்மா பின்னால் உட்கார்ந்தால் மட்டும்

புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்ததும் செம்பூரில் இருக்கும் என் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அம்மா இருக்கும் தாராவிக்கு விட்டேன். அம்மாவைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்று வந்தாக வேண்டும். நெடும்பயணத்துக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கப்போகிறேன் என்று சொன்ன வாரமே, தையல் பட்டறையில் வேலை பார்க்கும் அம்மா தனக்கு ஒரு சுடிதார் தைத்து வைத்துவிட்டாள். அதுவரை சேலை தவிர வேறு எதுவும் உடுத்தாதவள். ஹெல்மெட்டும் சுடிதாருமாகச் சந்து முனையில் நின்றாள்.

“ஏட்டி, இது வண்டியா யானையா? எங்கன மிதிச்சு ஏற?”

அந்த மாடல் முன்பே இருந்ததுதான். ஆனால் இந்த முறை அடியோடு மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். டேங்க் பெரிது, சீட் அகலம். என்னைக் கவிழ்த்தது அதன் முன்பக்கம். கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு குழாய்களை ஃபோர்க் என்போம். பள்ளம் மேடுகளின் அடியை வாங்கிக்கொள்வது அவைதான். அவற்றைத் தலைகீழாகத் திருப்பி, பருத்த பாகம் மேலேயும் மெலிந்த பாகம் கீழேயுமாக வைத்திருந்தார்கள். அதைப் பற்றிய காணொளிகளை மாதக்கணக்கில் பார்த்துப் பைத்தியமாகியிருந்தேன்.

சயானைத் தாண்டி டிராம்பே சாலையில் ஏறினோம். முதல் வேகத்தடையைத் தாண்டியதும் முன்னால் ‘டொக்’ என்று கேட்டது.

“என்னட்டி சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா. புது வண்டில்லா.”

அடுத்த வேகத்தடையிலும் ‘டொக்’. அதற்கடுத்த சிக்னலில் பிரேக் பிடித்தேன். வண்டி மூக்கைத் தரையில் குத்துவதுபோலத் தாழ்ந்தது. அம்மாவின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதியது.

“நீ பிரேக் புடிக்கயில எல்லாம் என் மண்ட உன் மண்டையில முட்டுது. மேடு ஏறி எறங்கினா டொக்குங்குது. இது ஒண்ணுமில்லையா?”

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். சர்வீஸ் பார்ப்பவர் வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். “நயா மாடல் ஹை மேடம், செட் ஹோ ஜாயேகா.” ஓட ஓடச் சரியாகிவிடுமாம். நானும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே சத்தம் இல்லை. தாராவிக்குப் போய் அம்மாவை ஏற்றினேன். உடனே வந்துவிட்டது.

எனக்கு உற்சாகம் தொற்றியது அப்போதுதான். ஐரோலியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒரு பிழை எப்போது வருகிறது, எப்போது வராது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பின்னால் ஆள் ஏறினால் முன்பக்கம் பாரம் குறைகிறது. மேட்டைத் தாண்டியதும் ஃபோர்க் முழு நீளத்துக்கு நீண்டு உள்ளே எதிலோ இடிக்கிறது. இதுதான் என் ஊகம். இந்த வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் அதை எழுதினேன். தனியாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் “ஒன்றும் கேட்கவில்லையே” என்றார்கள். ஜோடியாகப் போகிறவர்கள் “ஆமாம், ஆமாம்” என்று குதித்தார்கள்.

“ஞாயித்துக்கெழம காலைல எல்லாரையும் வரச் சொல்லு,” என்றாள் அம்மா. “எல்லா வண்டியிலயும் நானே ஏறிப் பாக்கேன். ஒரே ஆளு ஏறினாத்தான சரியாத் தெரியும்?”

நான் சொல்ல நினைத்ததை அவள் முந்திக்கொண்டாள்.

செம்பூரில் ஆளரவம் குறைந்த ஒரு சாலையில் கூடினோம். ஐந்தாறு வண்டிகள் வந்தன. கல்லூரி ஆசிரியர் ஒருவர், உல்லாஸ்நகரிலிருந்து ஒரு துணி வியாபாரி, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, இன்னும் சிலர். எனக்கு யாரையும் முன்பின் தெரியாது. அம்மா கூச்சமே இல்லாமல் வியாபாரியின் தோளைப் பிடித்து ஏறினாள். “பய்யா, ஆராம் ஸே,” என்று தாராவி இந்தியில், மெதுவாகப் போகச் சொல்லி எச்சரித்தாள். வேகத்தடையைத் தாண்டித் திரும்பி வந்தார்கள்.

“இதுலயும் இடிக்கு!”

எல்லோரும் கைதட்டினார்கள். தன் வண்டியில் குறை இருப்பதற்கு வியாபாரியும் சேர்ந்து கைதட்டினார். அடுத்த வண்டி, அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் ‘டொக்’. கடைசியாகக் கல்லூரி ஆசிரியரின் வண்டி. போனார்கள், வந்தார்கள். அம்மா இறங்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

“இன்னொரு மட்டம் போவச் சொல்லு.”

மறுபடியும் போய் வந்தார்கள். அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வியர்த்து மின்னியது.

“ஏட்டி, இதுல இல்ல! துளிச் சத்தம் இல்ல. பிரேக் புடிச்சாலும் குத்தல!”

எங்கள் எல்லோருடையதையும் விடப் பிந்தி வாங்கிய வண்டி அது. நான் கத்தியே விட்டேன். அப்படியானால் மாடலின் குணம் அல்ல இது, எங்கள் வண்டிகளில் மட்டும் ஏதோ கோளாறு. திருத்திவிடலாம்! யாரோ போய் வடாபாவ் வாங்கி வந்தார்கள். சாலையோரத்தில் நின்று தின்றுகொண்டே, எடுத்த காணொளிகளையெல்லாம் கம்பெனிக்கு அனுப்பினோம்.

இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நினைக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஓர் இளம் பொறியாளரை அனுப்பினார்கள். கோயம்புத்தூர்க்காரர். ஷோரூமில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “உங்க அம்மா வந்திருக்காங்களா?”

அம்மா அவர் பின்னால் ஏறிப் போனாள். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கவலை இல்லை, என்னைப் போலவே பரபரப்புதான் இருந்தது. “நல்லாவே கேக்குதுங்க. எங்க டிராக்ல தனியாவேதான் ஓட்டிப் பார்த்துட்டு இருந்தோம்,” என்றார். அன்றே ஃபோர்க்கைக் கழற்றி, எங்களையும் கிட்டே நின்று பார்க்க விட்டார். ஒரு குழாயில் எண்ணெய் குறைவாக இருந்தது; பிரேக் பிடித்தால் மூக்கு குத்தியது அதனால்தான். குழாய் முழுதாக நீளும்போது இடியைத் தாங்க வேண்டிய சின்னச் சுருள்வில், இருக்க வேண்டியதைவிடக் குட்டையாக இருந்தது. முதலில் வந்த வண்டிகளில் அளவு தப்பிய சுருள்வில் மாறிப் போயிருக்கிறது என்றார். இரண்டையும் சரிசெய்து கொடுத்தார். குழுவில் இருந்த மற்றவர்களையும் வரிசையாகக் கூப்பிட்டார்கள்.

அடுத்த விடுமுறையில் அம்மாவும் நானும் மலைப்பாதையில் மகாபலேஷ்வருக்கு ஏறினோம். மழை விட்டுச் சாலை கழுவினாற்போல இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தினேன். முன்பக்கம் அளவாகத் தாழ்ந்து, அங்கேயே நின்று, வளைவு முழுக்க ஒரே கோட்டில் போனது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. எனக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்தது. என் முதுகுக்குப் பின்னாலும் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உச்சியில் நிறுத்தினேன். அம்மா சுடிதாரைத் தட்டிவிட்டு இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு தாராவியில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டாள்.

“ஆமா, மேல வந்துட்டோம். பயமா? எனக்கென்ன பயம்? அவதான் பைய பைய ஓட்டுதா!”