லம்துவனின் ஒற்றை இலை

பாங்காக்கில் ஒரு துணி தேய்க்கும் கடையில் லம்துவனுக்கு வேலை. பகலெல்லாம் ஊரார் சட்டையோடு மல்லுக்கட்டிவிட்டு அறைக்கு வந்தால், கைப்பையை இறக்கும் முன்பே ஜன்னலோரத் தொட்டியைப் போய்ப் பார்ப்பாள். அதில் இருந்தது ஒரே ஒரு இலை. இதய வடிவில், தடித்து, மண்ணில் குத்திட்டு நின்றது. கொடி படர்வதற்குப் பக்கத்தில் மூங்கில் குச்சி ஊன்றியிருந்தாள். படரத்தான் கொடியைக் காணோம்.

கொடுத்தவன் தவீ. கொரியாவுக்குத் தோட்ட வேலைக்குக் கிளம்புமுன், காதலர் தினத்தன்று, தான் கூலிக்கு இருந்த நர்சரியிலிருந்தே கொண்டுவந்தான்.

"இது சோம்பேறிச் செடி, மெதுவாத்தான் வளரும். கொடி விட்டதும் சொல்லு, ஓடி வந்துடறேன். நேரா பாங் ராக் ஆபீஸுக்குப் போய்க் கல்யாணத்தப் பதிஞ்சிடலாம்."

காதலர் தினத்தில் அங்கே பதிந்தால் பிரிவே வராது என்று விடியுமுன்பே ஜோடிகள் வரிசை கட்டும் அலுவலகம் அது. லம்துவனின் கடையும் அதே தெருவில்தான். ஆண்டுதோறும் யார் யாருடைய கல்யாண உடுப்பையோ மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

விரலால் மண்ணைத் தொட்டுக் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விட்டாள். ஈரத்துணியால் தூசி துடைத்தாள். கொடி வரவேண்டுமென்று, அந்த ஊர் வழக்கப்படி, வாசல் தெய்வத்துக்குச் சிவப்பு சோடா படைத்தாள். பக்கத்து அறை ஜியாப்புக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"புருஷனுக்குக்கூட எவளும் இப்படி மூஞ்சி தொடச்சு விடமாட்டாடி. ஒத்த இலைக்கு இந்தப் பவுசா!"

தெருமுனைக் கஞ்சிக்கடைப் பிரயூன் நல்ல மனுஷன். தாரமிழந்தவன். கட்டிக்கொள்கிறாயா என்று நேராகவே கேட்டான். "எனக்கு ஆள் இருக்குண்ணே" என்றாள். பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

தவீ புத்தாண்டுக்குப் புத்தாண்டு கூப்பிடுவான். "கொடி விட்டுச்சா?" என்று சிரிப்பான். "இன்னும் இல்ல" என்றால், "அதுக்கென்ன அவசரம்" என்பான். அந்தச் சிரிப்பை நம்பியே அவளுடைய இளமை போயிற்று.

இந்த வருடம் இலையோரம் மஞ்சள் கண்டது. பதறிப்போய்ச் செடிச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடைக்காரி தொட்டியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"தண்டு இல்லாம இலைய மட்டும் வெட்டிக் குத்தினது இது. வேர் விடும், பச்சையா நிக்கும். ஆயுசுக்கும் கொடி வராது தங்கச்சி. காதலர் தினத்துக்குன்னே விக்கிறதுதான்."

"வெட்டறவங்களுக்கு அது தெரியுமாக்கா?"

"தெரியாம? தண்டுல கத்தி படாம வெட்டறதுக்குத்தானே கூலியே குடுக்கிறோம்."

நர்சரியில் தவீ மண் சுமந்தானா, இலை வெட்டினானா? அவள் கேட்டதே இல்லை. மண்தான் சுமந்திருப்பான், பாவம், அவனுக்கு எப்படித் தெரியும் என்று வழிநெடுக மனதைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

புத்தாண்டு வந்தது. போனும் வந்தது.

"என்ன, கொடி விட்டுச்சா?" அதே சிரிப்பு.

"விட்டுடுச்சு."

சிரிப்பு பட்டென்று நின்றது.

"அது எப்படி விடும்?"

லம்துவனின் கை மூங்கில் குச்சியைப் பற்றியது.

"இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று இழுத்தான்.

போனை வைத்தாள். மூங்கில் குச்சியைப் பிடுங்கி, ஒடித்துக் குப்பையில் போட்டாள். பசித்தது. கீழே தெருமுனையில் பிரயூனின் கடை திறந்துதான் இருந்தது. அவள் போகவில்லை.