எல்லாம் அக்கன்னா

வண்டலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், ஆய்வு மாணவர்களுக்காக நியூரல் நெட்வொர்க் கோடைப் பள்ளி நடந்தது. குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நான் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். என் கைடு அந்த ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார். புதிய கைடு கிடைக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். கோடைப் பள்ளியை நடத்தும் பேராசிரியரிடம் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் விண்ணப்பித்தேன். முதலில் வேலையைச் செய்து காட்டுவது, கடைசி நாளில் அவரிடம் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

வந்திருந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் மாணவர்கள் வயதுக்காரர்கள். என் வயதில் இன்னொருத்தி மட்டும் இருந்தாள். முடிச்சூரில் வீடு, ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. முதல் நாளே எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். என்னை மேடம் என்றார்கள். அவள் சார்ஜரை மறந்து வருவாள். கேட்பதற்கு முன்பே யாராவது எடுத்து நீட்டுவார்கள். மதியம் அவள் டிபன் பாக்ஸ் மேசையைச் சுற்றி வந்து காலியாகத் திரும்பும். என் எலுமிச்சை சாதத்தை யாரும் கேட்டதில்லை. நானும் நீட்டியதில்லை, அது வேறு விஷயம். அவள் சந்தேகம் கேட்டால் பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்குவார். அதே சந்தேகத்தை நான் முந்தின நாள் கேட்டபோது புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

கையெழுத்தைப் படித்து இன்ன எழுத்து என்று சொல்லும் சிறிய நெட்வொர்க் ஒன்றை ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். நான் என் மாணவர்களிடம் உயிரெழுத்துகளையும் ஆய்தத்தையும் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, சாய்வை நிமிர்த்தி, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கியிருந்தேன். அகரம் அனைத்தும் முதலில், அடுத்து ஆகாரம், கடைசியில் ஃ. அவளுடையவை மொபைலில் எடுத்த படங்கள். சிலவற்றில் அவள் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

கடைசிக்கு முந்தின நாள் இந்தப் படங்களைக் காட்டி நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுத்து முடித்துச் சோதித்தேன். 'அ' காட்டினேன், ஃ என்றது. 'ஊ' காட்டினேன், அதற்கும் ஃ. எந்த எழுத்துக்கும் அதே பதில். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. நிரலை வரிவரியாகப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. அப்போது அவள் டீ கிளாஸோடு வந்து என் பின்னால் நின்றாள்.

"இன்னா மேடம், எல்லாம் அக்கன்னாவா?"

நான் நிரலின் முதல் வரிக்குத் திரும்பப் போனேன்.

"டேட்டாவைக் கலைச்சுப் போட்டீங்களா?"

"எதுக்குக் கலைக்கணும்? ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கேன்."

"அதான் வினை. வரிசையா குடுத்தா கடைசியா பார்த்தது மட்டும்தான் அது மண்டையில நிக்கும், என் பொண்ணு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி கலைச்சுக் குடுங்க."

கலைக்கச் சொல்லும் வரி நிரலில் இருந்தது. பிழை வந்தால் எந்தப் படம் என்று தேட வசதியாக இருக்கட்டுமே என்று நான்தான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். அவள் போன பிறகு அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். என் நெட்வொர்க் அவளுடையதைவிட நன்றாகவே படித்தது. ஆனால் அறையில் எல்லாரும் சொன்னது, அக்கா ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்பதைத்தான்.

கடைசி நாள் பேராசிரியர் என் திரைக்கு முன்னால் நின்று சில எழுத்துகளைப் போட்டுப் பார்த்தார். ரொம்ப நீட்டாக இருக்கிறது என்றார். உடனே என் கைடு ஓய்வு பெற்றதைச் சொல்லி, என்னை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அடடா, ஒரு இடம்தான் இருந்துது. அவங்க முதல் வாரமே டீ குடிக்கிறப்போ கேட்டாங்க, சரின்னுட்டேன். நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே மேடம்."

அவளும் கைடு தேடிக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டைவிரல் விழுந்த படங்களோடு, செய்து காட்ட ஒன்றுமே இல்லாத நேரத்தில், கையில் டீயை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

அன்று ரயிலில் பெண்கள் பெட்டியில் எனக்கும் சேர்த்துப் பை போட்டு இடம் பிடித்திருந்தாள். வேறு பெட்டிக்குப் போக நேரமில்லை, உட்கார்ந்தேன். அவள் தன் கைடு கதையெல்லாம் சொல்லிவிட்டு, என் எழுத்துகளைத் தனக்குத் தர முடியுமா, தன்னுடையது வெறும் குப்பை என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அவள் முகம் மாறவில்லை. தாம்பரத்தில் முடிச்சூர் பஸ் பிடிக்க இறங்கும்போது, "அனுப்புங்க மேடம், மறந்துடாதீங்க" என்றாள். நான் மறக்கவில்லை. அனுப்பவும் இல்லை.

எனக்கு வேறோர் இடத்தில், வேறு தலைப்பில் கைடு கிடைத்தார். என் ஆய்வேடு இன்னும் முடியவில்லை. அவளுடைய ஆய்வேடு போன மாதம் பல்கலைக்கழகத் தளத்தில் வந்தது. இறக்கி, நேராக எழுத்துகளைச் சேகரித்த விதம் பற்றிய அத்தியாயத்துக்குப் போனேன். தன் மாணவிகளிடமே புதிதாக எழுதி வாங்கியிருக்கிறாள், என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. என் எழுத்துகள் இல்லாமல் அவள் திண்டாடியிருப்பாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அவை தேவைப்படவே இல்லை. இடத்தை அவள் முந்தி வாங்கிக்கொண்டதைவிட, இதுதான் எனக்குத் தாங்கவில்லை.