காசிம் மாமாவுக்கு அத்தா எழுதிய இரண்டு நோட்டீஸ்

எங்கள் வார்டு கவுன்சிலர் காசிம் மாமா நேற்று மவுத்தாகிவிட்டார். மூன்று தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் என் அத்தா.

நேற்று மாமாவின் உடலைச் சுமந்த சந்தூக்குக்கு முதலில் தோள் கொடுத்ததே அத்தாதான். மாமாவின் மகனைக் கட்டிப்பிடித்து, "கூடப்பொறந்தவன் போன மாதிரி இருக்குய்யா" என்று அழுதார். பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதுவிட்டேன். இவருடைய மகன் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது.

இன்று காலை இரங்கல் நோட்டீஸை வாங்க உத்தமபாளையம் அச்சகத்துக்குப் போனேன்.

"எதைக் கேக்குறீக தம்பி? உங்க அத்தா ரெண்டுல்ல குடுத்திருக்காக?" என்றார் அச்சகக்காரர்.

முதலாவதில் மாமாவின் படம், கண்ணீர் அஞ்சலி, கீழே அத்தாவின் பெயர்.

இரண்டாவது இன்னும் அச்சாகவில்லை. அத்தாவின் கையெழுத்தில் ஒரு தாள். 'சந்தை இடத்தை வளைத்துப்போட்டவன் ஒழிந்தான். இடைத்தேர்தலில் அவன் மகனுக்கா உங்கள் ஓட்டு?'

"இதுல யாரு பேரும் வேணாம்னு சொன்னாக."

"அத்தா பேரையே போடுங்கண்ணே" என்றேன்.

"ஆள விடுங்க தம்பி" என்று தாளை என் கையில் திணித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதை அத்தாவின் முன்னால் வைத்தேன். அவர் முகம் மாறவே இல்லை.

"நேத்து அழுதது நெசந்தான்டா. இது எலெக்சன்" என்றார்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் வேறு அச்சகம் தேடிக் கம்பத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் அரசியல்வாதி இருந்தால், அவர் அழும்போது என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.