டின்களைக் கவிழ்த்த காலை

மலேசியாவின் மெர்லிமாவ் கோயிலில் இலையில் விழுந்த கிச்சடியின் நெய் வாசனை, ரப்பர் விலை சரிந்த வருடத்துக்கு என்னை இழுத்துப்போனது.

எனக்கு அப்போது ஏழு வயது. வேலையில்லையென்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பாதிக் குடும்பங்களை லோரியில் ஏற்றி, இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்கு அனுப்பியது நிர்வாகம். புறப்படும் காலையில், தூக்கிப்போக முடியாத அரிசி, பருப்பு, தீபாவளிக்கு வைத்திருந்த நெய் எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்தார் டின்டின்னாக அம்மாவின் அண்டாவில் கவிழ்த்தார்கள். அம்மா ஒன்றாகக் கிச்சடி கிளறி லயத்துக்கே பசியாறக் கொடுத்தாள். அந்த ருசியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

“நாளைக்கும் இதே செய்யும்மா.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்படிக் கேக்காதடி. நாளைக்கும் இதைத் தின்னணும்னா, நாளைக்கும் லோரி வரணும்.”

“பாட்டி, இன்னும் கொஞ்சம் போடவா?” என்கிறாள் கோயிலில் பரிமாறும் பெண்.

ருசியாகத்தான் இருக்கிறது. கையால் இலையை மறைத்துக்கொள்கிறேன்.